பெயரில்லாச் சிப்பாய்கள்: மலிவான ராணுவப் பொம்மைகளைச் சேர்ப்பது எப்படி?

நாற்பது வயதுக்காரர் பொம்மை சேர்க்கிறேன் என்றாலே வீட்டில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அதிலும் மலிவான பொம்மையாகப் பார்த்துச் சேர்க்கிறேன் என்றால், "சேர்ப்பதே வெட்டி வேலை, அதிலும் மட்டமானதையா?" என்று கேள்வி வரும். என் வீட்டில் வந்தது. பதில் சொல்ல ஆரம்பித்தால் அரை மணி நேரம் ஆகும் என்பதால் அன்று சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த அரை மணி நேரப் பதிலை இங்கே எழுதிவிடுகிறேன்.

ஜி.ஐ. ஜோ போன்ற பெயர்பெற்ற ராணுவ ஆக்‌ஷன் ஃபிகர்களை, அதாவது மூட்டு மடங்கும் பொம்மை வீரர்களை, உலகம் முழுக்கப் பலர் சேர்க்கிறார்கள். அவற்றின் விலை ஏற ஏற, அவற்றோடு ஒரே வரிசையில் நிறுத்தக்கூடிய, வேறு கம்பெனிகள் குறைந்த விலைக்குச் செய்த வீரர்களைத் தேடிப் பிடிக்கும் பழக்கமும் வளர்ந்தது. இதில் இறங்க மூன்று விஷயம் தெரிந்தால் போதும்: அளவு, மூட்டு, பிளாஸ்டிக். மூன்றிலும் அளவுதான் தலையானது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும்.

சிப்பாய் யாருக்குச் சொந்தம்?

மலிவு மாற்று வேறு, போலி வேறு. புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள்.

ஜி.ஐ. ஜோ 1964-ல் அமெரிக்காவில் பிறந்தது. ஸ்டான் வெஸ்டன் என்ற உரிம முகவர் கொண்டுவந்த யோசனையை ஹாஸ்ப்ரோ கம்பெனியின் டான் லெவின் பொம்மையாக்கினார். பன்னிரண்டு அங்குல உயரம், துணியில் தைத்த சீருடை, மடங்கும் மூட்டுகள். பையன்கள் 'டால்' என்றால் தொட மாட்டார்கள் என்று பயந்து 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்று ஒரு புதுப் பெயரைச் சூட்டினார்கள். அந்தப் பெயர் பிற்பாடு நீதிமன்றத்தில் எடுபடவில்லை. சுங்கத் தீர்வை விஷயத்தில் "எங்கள் வீரர்கள் டால் கிடையாது" என்று ஹாஸ்ப்ரோ வழக்காடி, 1989-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. ஜோ ஒரு டால்தான் என்று தீர்ப்பு. தமிழில் இந்த வழக்கை விளக்குவதே சிரமம். நமக்கு இரண்டும் பொம்மைதான்.

இப்படி ஒரு பொம்மை செய்ததும் அடுத்த தலைவலி, அதைப் பார்த்துச் செய்கிறவர்கள். ஒரு மனித உடம்பின் பொது வடிவத்தை "இது என்னுடையது" என்று யாரும் உரிமை கொண்டாட முடியாது. அதனால் ஜோவின் கன்னத்தில் ஒரு தழும்பு வைத்தார்கள். கட்டைவிரலில் நகம் தவறுதலாக உள்பக்கம் அமைந்துவிட்டது. அதையும் திருத்தாமல் அப்படியே விட்டார்கள். வேறு யாராவது விற்கும் பொம்மையில் அந்தத் தழும்பும் அந்தத் தப்பான நகமும் இருந்தால் கையும் களவுமாகப் பிடிக்கலாம் அல்லவா?

இதிலிருந்தே வேறுபாடு புரியும். ஒரு பொம்மையின் முகத்தையும் பெயரையும் அப்படியே எடுத்துக்கொள்வது போலி. பச்சைச் சட்டை, தலைக்கவசம், துப்பாக்கியோடு பெயரில்லாமல் நிற்கும் ஒரு சிப்பாயைத் தன் சொந்த அச்சில் வார்த்து விற்பது மாற்று. சிப்பாய் என்ற ஆள் எல்லோருக்கும் பொது. இதற்கு நடுவே மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு: ஹாஸ்ப்ரோவிடம் முறையாக உரிமம் வாங்கி வேறு நாட்டுக் கம்பெனிகள் செய்தவை. பிரிட்டனில் பாலிடாய் 1966 முதல் 'ஆக்‌ஷன் மேன்' என்ற பெயரில் செய்தது. பிரேசிலில் எஸ்ட்ரெலா செய்தது. இந்தியாவில் செய்தவர்கள் யார் என்பதைப் பிறகு சொல்கிறேன், அது கொஞ்சம் நம்ம ஊர்ச் சங்கதி.

போலியை அடையாளம் காண ஒரு வழி. அசல் பொம்மையையே வைத்து அச்சு எடுத்து வார்த்தால், பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்குவதால் நகல் ஒரு துளி சிறியதாக வரும். சட்டைப் பொத்தான், முகச் சுருக்கம் போன்ற நுணுக்கங்கள் மழுங்கியிருக்கும். இடுப்பின் பின்புறத்திலோ முதுகிலோ இருக்க வேண்டிய கம்பெனி முத்திரையைச் சுரண்டி எடுத்திருப்பார்கள். அசலோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பளிச்சென்று தெரியும்.

அளவு: ஒன்றின் கீழ் எத்தனை?

சரி, இப்போது தலையான விஷயத்துக்கு வருவோம்.

ஒரு பொம்மையின் அளவை 1/6, 1/12, 1/18 என்று பின்னமாகச் சொல்வார்கள். நிஜ மனிதனை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறார்கள் என்பதுதான் கீழே உள்ள எண். பொம்மையின் உயரத்தை அந்த எண்ணால் பெருக்கினால் நிஜ ஆளின் உயரம் கிடைக்கும். 12 அங்குலப் பொம்மை, 1/6 அளவு: 72 அங்குலம், அதாவது ஆறடி ஆள். 6 அங்குலப் பொம்மை 1/12 அளவு என்றால் அதே ஆறடி. 3¾ அங்குலப் பொம்மை 1/18 அளவு: 67½ அங்குலம், ஐந்தடி ஏழரை அங்குலம். சின்ன வயதில் மண்ணில் புதைத்து விளையாடிய பச்சை நிறக் குட்டிச் சிப்பாய்கள், அசையாமல் ஒரே நிலையில் நிற்பார்களே, அவர்களில் நல்லவகை 54 மில்லிமீட்டர் உயரம், 1/32 அளவு. கீழே உள்ள எண் பெரிதாகப் பெரிதாகப் பொம்மை சிறிதாகும். முதல் நாள் எல்லோரும் இதில் தடுக்கி விழுவார்கள்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், மலிவுச் சேகரிப்பில் கம்பெனியின் பெயரைப் பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை. ஐந்து கம்பெனிப் பொம்மைகள் ஒரே படையாக நிற்க வேண்டும். அவர்களை ஒரே படையாகக் காட்டுவது அளவு ஒன்றுதான். சட்டை நிறம் ஒத்துவராவிட்டால் வண்ணம் அடித்துக்கொள்ளலாம். துப்பாக்கி பிடிக்காவிட்டால் மாற்றலாம். ஒருவன் மற்றவனைவிட ஒன்றரை அங்குலம் உயரமாக நின்றால் எதுவும் செய்வதற்கில்லை.

நான் பட்ட பாடு ஒன்று. இணையத்தில் ஒரு கடையில் "ராணுவ வீரர்கள் செட், 12 பேர், வண்டியோடு" என்று படம் போட்டிருந்தார்கள். படத்தில் ஜம்மென்று இருந்தார்கள். விலையும் கொள்ளை மலிவு. உயரம் எங்கும் போடவில்லை, நானும் கேட்கவில்லை. வந்து சேர்ந்த பெட்டியைத் திறந்தால் ஒவ்வொருவனும் என் சுண்டுவிரலில் பாதி. என் 1/18 வீரர்கள் பக்கத்தில் நிறுத்தினால் அவர்களின் குழந்தைகள் மாதிரி இருந்தார்கள். அன்றிலிருந்து உயரம் சென்டிமீட்டரில் எழுதப்படாத எதையும் வாங்குவதில்லை. 1/18 வேண்டுமென்றால் 9.5 முதல் 10.5 சென்டிமீட்டர் வரை. 1/12 என்றால் 15 சென்டிமீட்டர் பக்கம். 1/6 என்றால் 30.

ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது 1/18. மலிவான வகைகள் அதிகம் இருப்பது அங்கேதான். 1/6-ல் ஹாங்காங்கின் ஹாட் டாய்ஸ், டிராகன், டி.ஐ.டி. போன்றவர்கள் கொண்டுவந்த தரம் பிரமிக்க வைக்கும். நிஜத் துணி, நிஜப் பக்கிள், சட்டைப் பைக்குள் குட்டி வரைபடம் வரை இருக்கும். விலையும் ஒரு உருவத்துக்கு 150, 200 டாலர் என்று போகும். பத்துப் பேர் கொண்ட படை என்ற பேச்சுக்கே இடமில்லை. 1/18-ல் இடமும் மிச்சம். அதோடு இன்னொரு வசதி: கடைகளில் கிடைக்கும் உலோக மாடல் கார்களிலும் 1/18 என்று ஒரு வகை உண்டு. மைஸ்டோ, புராகோ போன்ற கம்பெனிகளின் ஜீப் ஒன்று கிடைத்தால், பச்சை வண்ணம் அடித்து ராணுவ வண்டியாக்கிவிடலாம்.

பெரிய கம்பெனிகளே வண்டிகளில் அளவை விட்டுக்கொடுத்தவர்கள்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1985-ல் ஹாஸ்ப்ரோ யூ.எஸ்.எஸ். ஃபிளாக் என்று ஒரு விமானம்தாங்கிக் கப்பலை விற்றது. நீளம் ஏழரை அடி. படுத்தால் ஒரு ஆள் நீளத்தையும் தாண்டும். நிஜ விமானம்தாங்கி ஒன்றை 1/18 அளவில் செய்தால் பதினெட்டு மீட்டர் வரும், தெருவையே அடைக்கும். ஆகவே ஆளுக்கு அளவு கறாராகப் பாருங்கள், வண்டிக்குக் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளலாம்.

மூட்டும் ரப்பர் வளையமும்

1982-ல் ஹாஸ்ப்ரோ ஜி.ஐ. ஜோவை 3¾ அங்குலத்துக்குச் சுருக்கி மறுபடி கொண்டுவந்தது. 1978 முதல் கென்னர் கம்பெனி விற்ற ஸ்டார் வார்ஸ் பொம்மைகள் அந்த உயரத்தைப் பிரபலமாக்கியிருந்தன. ஆனால் ஸ்டார் வார்ஸ் பொம்மைக்கு அசைவது ஐந்தே இடம்: கழுத்து, இரண்டு தோள், இரண்டு தொடை. ஜோவுக்கு முழங்கை, இடுப்பு, முழங்கால் எல்லாம் மடங்கின. அடுத்த வருடம் முழங்கைக்குச் சற்று மேலே கை சுழலவும் ஆரம்பித்தது. துப்பாக்கியை இரண்டு கையாலும் பிடிக்க அதுதான் வேண்டும்.

இந்த வித்தையின் ரகசியம் உள்ளே இருக்கும் ஒரு கறுப்பு ரப்பர் வளையம். சேகரிப்பவர்கள் இதை ஓ-ரிங் என்பார்கள். மார்பும் முதுகும் தனித்தனி ஓடுகள். முதுகில் ஒரு திருகாணி அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும். இரண்டு கால்களும் ஒரு சின்ன உலோகக் கொக்கியில் மாட்டியிருக்கும். ரப்பர் வளையத்தின் ஒரு முனை அந்தக் கொக்கியில், மறுமுனை மார்புக்குள் திருகாணி போகும் தண்டில். வளையம் இழுத்துப் பிடிப்பதால் இடுப்பும் கால்களும் எந்தப் பக்கமும் சாயும், விட்டால் திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

சேகரிப்பவருக்கு இதில் உள்ள லாபம் அந்தத் திருகாணிதான். சின்னத் திருப்புளி ஒன்று இருந்தால் வீரனைக் கழற்றலாம். ஒருவனின் கை, இன்னொருவனின் கால், மூன்றாமவனின் தலை என்று மாற்றிப் போட்டுப் புது ஆளை உருவாக்கலாம். மலிவு வகைகளில் பலவற்றுக்குத் திருகாணி கிடையாது. ஓடுகளை ஒட்டியோ அழுத்தியோ மூடியிருப்பார்கள். அவற்றைப் பிரிக்க முயன்றால் உடையும். கடையில் பொம்மையைத் திருப்பி முதுகைப் பாருங்கள். திருகாணி இருந்தால் அந்தப் பொம்மைக்கு என் கணக்கில் கூடுதல் மதிப்பு.

மூட்டு எண்ணிக்கையை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம் என்பதும் என் அபிப்பிராயம். முப்பது மூட்டு உள்ள பொம்மை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விழுந்துகொண்டிருக்கும். காவலுக்கு நிற்கும் சிப்பாய்க்கு எத்தனை மூட்டு வேண்டும்? பின்வரிசையில் நிற்கிறவன் நேராக நின்றால் போதாதா?

மலிவு எங்கிருந்து வருகிறது?

பொம்மையில் பணம் போகும் இடங்களைத் தெரிந்துகொண்டால் எதற்காகக் குறைந்த விலை என்பது விளங்கும். உருக்கு அச்சு வெட்டுவதுதான் பெரிய செலவு. அதனால் ஒரே அச்சை வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் மலிவாக விற்க முடியும். ஒவ்வொரு மூட்டும் தனித்துண்டு, அதைப் பொருத்த ஒரு கை. ஒவ்வொரு நிறமும் வண்ணம் அடிக்கும் ஒரு சுற்று. கதாபாத்திரத்தின் பெயருக்கு உரிமத் தொகை. விளம்பரம். இதில் நாலைந்தை வெட்டினால் விலை தானாக இறங்கும்.

இப்படி வெட்டுவது மட்டமான கம்பெனிகளின் வேலை என்று யாராவது சொன்னால் ஸ்னேக் ஐஸ் என்ற ஜி.ஐ. ஜோ வீரனின் கதையைச் சொல்லுங்கள். 1982-ன் முதல் வரிசைக்கு வண்ணச் செலவு கையைக் கடித்தது. ஒருவனுக்காவது வண்ணமே அடிக்காமல் விட்டால் மிச்சமாகும் என்று, தலை முதல் கால் வரை கறுப்புப் பிளாஸ்டிக்கில் ஒருவனை வார்த்தார்கள். முகத்துக்கும் முகமூடி, அதனால் கண், உதடு வரையும் செலவும் இல்லை. காசு மிச்சம் பிடிக்கப் பிறந்த அந்த ஆள்தான் பிற்பாடு ஜி.ஐ. ஜோ வரிசையிலேயே அதிகம் கொண்டாடப்படுகிறவன் ஆனான். அதே முதல் வரிசையில் பல வீரர்கள் ஒரே தலையையும் ஒரே கால்களையும் பங்கிட்டுக்கொண்டவர்கள். முடி நிறம் மட்டும்தான் வேறு. பெரிய கம்பெனியே முதல் நாளில் சிக்கனக் குடித்தனம்தான் நடத்தியிருக்கிறது.

இன்னொன்று. அந்த 1982 வீரர்களின் இடுப்பின் பின்புறம் பார்த்தால் 'மேட் இன் ஹாங்காங்' என்று இருக்கும். மலிவு மாற்றுகளைச் செய்த கம்பெனிகளும் பெரும்பாலும் ஹாங்காங்கைச் சேர்ந்தவை. பொம்மைத் தொழில் தெரிந்த கைகள் அந்த ஊரில் இருந்தன. அவை யாருக்காக வேண்டுமானாலும் வேலை செய்தன.

யார் யாருடைய பொம்மை

முதலில் சொல்ல வேண்டியது லனார்ட். ஹாங்காங் கம்பெனி. 1986 முதல் 'தி கோர்' என்ற வரிசையை விற்றது. அமெரிக்கக் கடைகளில் ஜி.ஐ. ஜோ வாங்க வசதியில்லாத அம்மா அப்பாக்கள் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தது பெரும்பாலும் இதைத்தான். வாங்கிய பிள்ளைகள் அப்போது முகம் சுளித்திருக்கலாம். இப்போது அதே ஆட்கள் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். ஒரே உடலச்சை வேறு வேறு நிறத்தில் பல வருடம் ஓட்டியவர்கள் என்பதால், கோர் சேகரிப்பு என்பதே நிறமாற்றங்களைத் துரத்துவதுதான்.

சாப் மெய் என்ற ஹாங்காங் கம்பெனியின் 'சோல்ஜர் ஃபோர்ஸ்' வீரர்களை எட்ட நின்றே கண்டுபிடிக்கலாம். பல்லைக் கடித்த முகம், பெருத்த தோள், ஆளுக்குப் பொருந்தாத கனத்த துப்பாக்கி. டாய்ஸ் ஆர் அஸ் கடைகளில் 'ட்ரூ ஹீரோஸ்' என்ற பெயரிலும் வந்தவை இவர்கள் செய்ததுதான். உயரம் 1/18-க்குக் கிட்டத்தட்டச் சரி, ஆனால் தலையும் கையும் ஒரு சுற்றுப் பெரிது. ஜோவின் தோளோடு தோள் நிறுத்தினால் உறுத்தும். எனக்கு இவற்றில் பிடித்தது வீரனைவிடக் கூடவரும் சாமான்கள்: மணல்மூட்டை, தடுப்புவேலி, படகு, பெட்டி. பின்னணி அமைக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

இதற்கு நேரெதிர் எம் அண்ட் சி டாய் சென்டர். 'வேர்ல்ட் பீஸ்கீப்பர்ஸ்', 'பவர் டீம் எலைட்' என்ற பெயர்களில் வந்தவை. மிகையில்லாத உடம்பு, ஏறக்குறைய நிஜம் போன்ற ஆயுதங்கள். இவர்களே 12 அங்குல வகையும் செய்தார்கள். மேலே சொன்ன 200 டாலர் உருவங்களின் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு அது கிடைக்கும். முகம் கொஞ்சம் பொம்மைத்தனமாக இருக்கும், சட்டை கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும். அதற்கு என்ன செய்ய முடியும்?

டுவெண்டிஃபர்ஸ்ட் செஞ்சுரி டாய்ஸ், ப்ளூ பாக்ஸின் 'எலைட் ஃபோர்ஸ்' இரண்டும் வேறு ரகம். வரலாற்றுச் சீருடையைச் சரியாகச் செய்ய மெனக்கெட்டவர்கள். முதலாமவர் இரண்டாம் உலகப்போரின் விமானங்களைக்கூட 1/18 அளவில் செய்து சாதாரண அமெரிக்கக் கடைகளில் விற்றார்கள். இரண்டாமவர் 2003-ல் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷை விமானி உடையில் 12 அங்குலப் பொம்மையாகவே போட்டுவிட்டார்கள். இவர்களின் அந்தக்காலச் சரக்கு கடையில் புதிதாகக் கிடைக்காது. பழைய சாமான் விற்பவர்களிடம்தான் பார்க்க வேண்டும். ஒருகாலத்து மலிவுச் சரக்கு இன்று மலிவாகவே இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

சீனாவின் ஜாய்டாய் 1/18-ல் இப்போது அருமையாகச் செய்கிறது. ஆனால் அதை மலிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சென்னை முகவரி

முன்பே சொன்ன நம்ம ஊர்ச் சங்கதி இதுதான். 1987-ல் எம்.ஆர்.எஃப். குழுமமும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து ஃபன்ஸ்கூல் கம்பெனியைத் தொடங்கின. டயர் செய்யும் சென்னைக் கம்பெனிதான் அந்த எம்.ஆர்.எஃப். பொம்மைத் தொழிற்சாலை கோவாவில். ஹாஸ்ப்ரோவின் அச்சுகளையே வைத்து, முறையான உரிமத்தோடு, அங்கே ஜி.ஐ. ஜோ வீரர்கள் வார்க்கப்பட்டார்கள்.

அமெரிக்காவில் 3¾ அங்குல வரிசை 1994-ல் நின்றுபோனது. இங்கே நிற்கவில்லை; 2000-களின் தொடக்கம் வரை ஃபன்ஸ்கூல் செய்துகொண்டே இருந்தது. அதனால் ஒரு வேடிக்கை நடந்தது. அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் தங்கள் ஊரில் பழைய ஜோக்களின் விலை ஏறிவிட்டதால், அதே அச்சில் வந்த இந்தியப் பொம்மைகளை அட்டை பிரிக்காமல் மொத்தமாக வரவழைத்தார்கள். ஆரம்பத்தில் அவர்களுக்கு இது மலிவு மாற்று. உற்றுப் பார்த்தபோது நிறங்கள் வேறாக இருப்பது தெரிந்தது. அமெரிக்காவில் பழுப்பாக வந்தவன் இங்கே வேறொரு பளிச்சென்ற நிறத்தில் வந்திருப்பான். ஒரே வீரனே வருடத்துக்கு வருடம் வேறு சாயலில் வந்திருப்பான். அந்த நிறமாற்றங்களைத் துரத்துவதே தனிச் சேகரிப்பாகிவிட்டது.

இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்களில் 80-கள், 90-களில் வளர்ந்தவர்கள் யாராவது இருந்தால், ஊருக்குப் போகும்போது பரணில் ஒருமுறை பாருங்கள். கை உடைந்த, துப்பாக்கி தொலைந்த ஜோ ஒருவன் அங்கே இருக்கலாம். பிளாஸ்டிக் அமெரிக்கப் பதிப்பைவிடக் கொஞ்சம் மெத்தென்று இருக்கும், கட்டைவிரல் போயிருக்கும். கட்டைவிரல் போகாத பழைய ஜோவைப் பார்ப்பதே அபூர்வம். கெட்டியான துப்பாக்கியை மெல்லிய விரலுக்குள் திணித்து எடுத்தால் வேறென்ன ஆகும்?

படை திரட்டுதல்

இனி பணக் கணக்கு. ஹாஸ்ப்ரோ 2020-ல் தொடங்கிய ஆறு அங்குல ஜி.ஐ. ஜோ 'கிளாசிஃபைட்' வரிசை ஆளுக்கு 20 டாலரில் ஆரம்பித்து 25-க்கு ஏறியது. ஒரு தலைவன், ஒரு வில்லன் என்று இரண்டு பேர் வாங்கலாம். ஆனால் வில்லனுக்குப் பின்னால் நிற்க அடியாள் பத்துப் பேர் வேண்டுமே? பத்துப் பேருக்கு 250 டாலர். ஒரே முகம் கொண்ட சிப்பாய்களைக் கூட்டமாக வாங்குவதைப் படை திரட்டுதல் என்பார்கள் இந்த வட்டாரத்தில். மலிவுப் பொம்மையின் நிஜமான இடம் இங்கேதான். பெயருள்ள ஒருவன் முன்னால் நிற்கட்டும், அவனுக்கு ஆகிற செலவைச் செய்யுங்கள். பின்னால் இருப்பவர்களின் பெயரை யார் கேட்கப்போகிறார்கள்? நிஜப் படையிலும் அப்படித்தானே.

இந்தியாவில் இருந்து வாங்குகிறவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். வெளிநாட்டுப் பொம்மைகளுக்கான சுங்கத் தீர்வை 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. 2021 ஜனவரி முதல் இங்கே விற்கும் பொம்மைகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரை கட்டாயம். ஐந்து டாலர் வீரனை அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் தபால் செலவும் தீர்வையும் சேர்ந்து அவன் மலிவு என்ற பேச்சே அடிபட்டுப் போகும். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரின் பெட்டியில் ஓர் ஓரம் பிடிப்பதுதான் நடைமுறை. அல்லது இங்கேயே பழைய ஃபன்ஸ்கூல் சரக்கைத் தேடுவது.

வாங்கியதும் என்ன செய்வது?

முதலில் மோந்து பாருங்கள். சிரிக்க வேண்டாம். மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் தாலேட் வகை ரசாயனங்களில் சிலவற்றுக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பொம்மைகளில் கடும் கட்டுப்பாடு உண்டு. பெயரும் முகவரியும் இல்லாத சரக்கில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மூக்கைத் துளைக்கும் வாடை அடித்தால் அலமாரியிலும் வைக்க வேண்டாம், குழந்தை கையிலும் கொடுக்க வேண்டாம்.

அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்பில் ஒரு குளியல். அச்சிலிருந்து சுலபமாகக் கழல்வதற்குத் தடவிய எண்ணெய்ப் பிசுக்கு மேலே இருக்கும். அது போகாமல் வண்ணம் ஒட்டாது. பெட்டிக்குள் நசுங்கி வளைந்த துப்பாக்கியையோ காலையோ கொதிக்கவைத்து இறக்கிய நீரில் அரை நிமிடம் முக்கி, நேராக்கிப் பிடித்து, உடனே குளிர்ந்த நீரில் விட்டால் அப்படியே நிற்கும்.

வண்ணத்துக்கு அக்ரிலிக் போதும். முழு ஆளையும் தீட்ட வேண்டியதில்லை. தண்ணீராகக் கரைத்த கறுப்பையோ கரும்பழுப்பையோ மேலே ஓடவிட்டுத் துணியால் துடைத்தால் மடிப்புகளில் மட்டும் நிறம் தங்கும். பத்து ரூபாய்ப் பளபளப்பு போய்ப் புழுதியில் நடந்த சிப்பாய் வந்துவிடுவான். பூட்ஸுக்கு ஒரு நிறம், தோல்பட்டைக்கு ஒரு நிறம், அவ்வளவுதான். என் கை நன்றாகவே நடுங்கும், எனக்கே வருகிறது என்றால் யாருக்கும் வரும். துப்பாக்கி மாற்ற நினைப்பவர்களுக்கு மராடர் என்ற கம்பெனி 1/18 அளவில் தனி ஆயுதங்களும் கவசங்களும் விற்கிறது. ஆயுதம் மாறினாலே பாதி ஆள் மாறிவிடுவான்.

பழைய ஃபன்ஸ்கூல் ஜோவோ, அதே அமைப்பில் வந்த வேறு யாரோ கையில் இருந்தால் உள்ளே உள்ள ரப்பர் வளையம் காய்ந்துபோயிருக்கும். முப்பது வருட ரப்பர். வெடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். பழைய வளையத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பிளம்பிங் சாமான் கடைக்குப் போங்கள். கிட்டத்தட்ட அதே சுற்றளவில், அதே தடிமனில் கிடைத்தால் பத்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் எந்தக் குழாய்க்கு என்று கேட்பார். ஏதாவது ஒரு குழாயின் பெயரைச் சொல்லிவிடுங்கள். நள்ளிரவில் அலமாரியிலிருந்து டக்கென்று சத்தம் கேட்டு, போய்ப் பார்த்தால் மார்பு ஒரு பக்கமும் கால்கள் ஒரு பக்கமுமாக ஒருவன் கிடந்தால் பதற வேண்டாம். வளையம் அறுந்திருக்கிறது. திருப்புளியை எடுங்கள்.